வானத்துப் பூவும் மூன்று சாட்சிகளும்

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவனுக்கு மாணவரின் வினாக்கள் புதியன அல்ல. விடை தெரிந்த வினாக்களும் உண்டு, தெரியாதவையும் உண்டு. தெரியாதவற்றிற்கு, "பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறி, மறுநாள் வந்து விடை பகர்வது எங்கள் தலைமுறையின் வழக்கம். ஆனால், விடை தெரியும் என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்த ஒரு வினாவே என்னை மிகவும் வருத்திற்று. அதனைக் கேட்டவள் பத்தாந் தரத்திற் பயின்ற ஒரு மாணவி.

2024 ஆம் ஆண்டு மாசி மாதம். யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான மன்றத்தார் இரவு வானத்தைப் பார்வையிட ஒழுங்கு செய்து, ஓய்வுபெற்றிருந்த என்னையும் அழைத்திருந்தனர். அன்று பகல் வகுப்பறைச் சுவரில் பெரிய வண்ணப் படம் ஒன்றை மாட்டினேன். மேனாட்டார் ரோசா மலரின் பெயரால் வழங்கும் நெபுலாவின் படம் அது. பொன்னிற இதழ்கள் விரிந்திருக்க, நடுவே நீலம் ததும்ப, வானத்திற் பூத்த மலராகவே அது காட்சியளித்தது. நெபுலா என்பது விண்மீன்களுக்கிடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் சேர்ந்த முகில் என்றும், இந்த முகில் நம்மிடமிருந்து ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது என்றும் விளக்கினேன். "இன்றிரவு இதனைத் தொலைகாட்டியிற் பார்ப்போம்" என்று உற்சாக மிகுதியாற் கூறியும் விட்டேன்.

இரவு ஒன்பது மணியளவில் அந்நெபுலா நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். திருவாதிரை விண்மீனுக்குக் கிழக்கே, நீட்டிய கையின் முட்டியளவு தள்ளி அது இருக்கிறது. தொலைகாட்டியை அங்கே திருப்பி வைத்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தனர்; பார்த்தவர் ஒன்றும் பேசாது விலகினர். அந்த மாணவி மட்டும் விலகவில்லை.

"சேர், ஆறு வெள்ளிதான் தெரியுது. பூவைக் காணேல்லை."

"வடிவாப் பார் பிள்ளை."

"வடிவாப் பாத்திட்டன் சேர். அப்ப அந்தப் படம் பொய்யோ?"

"பொய்யில்லைப் பிள்ளை. எங்கட கண்ணுக்கு வலு காணாது. கமரா கூடப் பார்க்கும்."

"அப்ப, கமரா அந்தப் பொன் நிறத்தைத்தான் பாத்ததோ?"

இதற்குத்தான் என்னால் விடை கூற முடியவில்லை. கமரா அந்தப் பொன்னிறத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவ்வண்ணங்கள் பின்னர் மனிதராற் கொடுக்கப்பட்டவை. ஆயின், பொய் என்று ஒரு சொல்லில் ஒதுக்கத்தக்கவையும் அல்ல. ஐந்நூறு பேருக்கு மேல் விஞ்ஞானம் கற்பித்த எனக்கு, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உண்மையை ஒரு சிறுமிக்கு விளங்கும்படி சொல்லத் தெரியாமற் போயிற்று. அப்படத்தை நானே எடுத்துப் பார்த்தாலன்றி அது தெரிய வராது என்று அன்றிரவு தீர்மானித்தேன்.

கண்ணின் வறுமை

முதலிற் கண்ணைப் பற்றியே சொல்ல வேண்டும். நம் விழித்திரையில் இருவகைக் கலங்கள் உள்ளன. கூம்புக் கலங்கள் நிறம் அறிவன. ஆனால் அவற்றிற்கு நிறைந்த ஒளி வேண்டும். கோற் கலங்கள் மங்கிய ஒளியிலும் தொழிற்படுவன. ஆனால் அவை ஒரே வகையின ஆதலால் நிறத்தைப் பிரித்தறிய மாட்டா. நிலவில்லா இரவிலே செவ்வரத்தம் பூவும் இலையும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றுவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். இருளில் மனிதனின் கண்ணே ஒரு கறுப்பு வெள்ளைக் கமராதான்.

அக்கமராவுக்கும் இரு குறைகள் உள. கோற் கலங்கள் 500 நனோமீற்றர் அளவான அலைநீளமுடைய நீலப்பச்சை ஒளியையே நன்கு உணரும். ஆழ்ந்த சிவப்புக்கு ஏறத்தாழக் குருடு. நெபுலாக்களோ பெரும்பாலும் அச்சிவப்பிலேயே ஒளிர்கின்றன. மற்றது, கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு கணத்தின் சிறு பகுதிக்குள் வந்த ஒளியைக் கொண்டு ஒரு காட்சியை ஆக்கி, உடனே அதை அழித்து அடுத்ததற்கு ஆயத்தமாகிறது. பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாலும் பத்து நிமிடத்தின் ஒளி கண்ணிற் சேர்ந்து விடாது. மாணவி பூவைக் காணாததில் வியப்பில்லை. அவள் கண்டதைக் கண்டபடி சொன்னாள். கேட்ட நான்தான் தடுமாறினேன்.

ஒரு கோடு சொன்ன செய்தி

நெபுலாக்கள் யாவை என்பதே ஒரு காலத்திற் பெரும் விவாதப் பொருளாயிருந்தது. போதிய பெரிய தொலைகாட்டி கிடைத்தால் எல்லா நெபுலாக்களும் விண்மீன் கூட்டங்களாகப் பிரிந்து தெரியும் என்று அறிஞர் பலர் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். துணி வணிகத்தை விட்டு வானியலுக்கு வந்த வில்லியம் ஹகின்ஸ் என்பவர். இலண்டனின் தென்பகுதியில், தம் வீட்டோடு சேர்ந்த அவதான நிலையத்தில், 1864 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 ஆம் திகதி இரவு, வட வானத்து நெபுலா ஒன்றின் ஒளியை அரியத்தின் ஊடாகச் செலுத்தி நோக்கினார். விண்மீனின் ஒளியாயின் அது வானவில்லைப் போல் விரிந்து தோன்றியிருக்கும். அவர் கண்டதோ தனித்து நின்ற ஒரு கோடு. உற்று நோக்கியபோது அதனருகே மங்கலாக மேலும் இரு கோடுகள். வெப்பமேறிய வாயுவே இவ்வாறு தனிக் கோடுகளாக ஒளிரும். நெபுலாக்களுள் ஒரு சாரார் விண்மீன் கூட்டம் அல்லர், வாயுவே என்பது அவ்விரவில் உறுதியாயிற்று.

மூன்று கோடுகளுள் ஒன்று ஐதரசனுக்குரியது. மிக ஒளிமிக்க பச்சைக் கோடும் அதன் துணையும் பூமியிலுள்ள எந்த மூலகத்துக்கும் பொருந்தவில்லை. ஆகவே வானத்தில் மட்டுமே உள்ள புதிய மூலகம் ஒன்று இருக்கிறதென எண்ணி, அதற்கு 'நெபுலியம்' என்று பெயரும் இட்டனர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த அம்மயக்கத்தை 1927 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐரா போவன் நீக்கினார். நெபுலியம் என ஒன்று இல்லை. அது நாம் நாள்தோறும் சுவாசிக்கும் ஒட்சிசனே. இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசன், நிலைமை மாறிய ஓர் இலத்திரன் மீண்டும் கீழ்நிலைக்கு இறங்கும்போது அவ்வொளியை விடுகிறது. ஆனால் அதற்கு அந்த அணு அரை நிமிடமளவு ஒருவராலும் தீண்டப்படாமல் இருக்க வேண்டும். நம்மைச் சூழ்ந்த காற்றிலே ஒரு கன சென்ரிமீற்றரில் இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள. இந்த நெரிசலில் அரை நிமிடத் தனிமை எந்த அணுவுக்குக் கிடைக்கும்? நெபுலாவிலோ அதே இடத்தில் சில நூறு அணுக்கள் இருந்தாலே அதிகம். அந்த வெறுமையே அந்த ஒளியின் தாய்.

ஹகின்ஸ் கண்ணாற் கண்டதை ஒளிப்படமாக்கும் முயற்சியும் பின்தங்கி நிற்கவில்லை. நியூயோர்க்கைச் சேர்ந்த மருத்துவரான ஹென்றி டிறேப்பர் 1880 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30 ஆம் திகதி ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் ஒளிபடுத்திப் படமெடுத்தார். நெபுலா ஒன்றின் முதற் படம் அதுவே. கண்ணால் இயலாத சேமிப்பு அன்று தொடங்கிற்று.

நிறமறியாக் கமரா

ஒளியை ஒவ்வொரு மூலகமும் தனக்கெனக் குறித்த அலைநீளத்தில் விடுகிறதாயின், அந்த அலைநீளத்தை மட்டும் புகவிட்டு ஏனையவற்றைத் தடுக்கும் ஒரு கண்ணாடி இருந்தால் போதும். அம்மூலகத்தின் படம் தனியே கிடைத்துவிடும். இதற்கென உள்ளவையே குறும்பட்டை ஒளிவடிகள். கண்ணாடியின் மேல் பல பத்து மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிடப்பட்டிருக்கும். மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் தன் தடிப்புக்கேற்ப நிறங்காட்டுவதை ஒத்ததே இதன் தொழிலும். வேண்டிய அலைகள் ஒன்றுக்கொன்று வலுவூட்டி வெளியேறும். வேண்டாதவை திருப்பி அனுப்பப்படும். என்னிடமுள்ளவை மூன்று. ஐதரசனுக்கு 656.3 நனோமீற்றர், ஒட்சிசனுக்கு 500.7, கந்தகத்துக்கு 672 அளவில் அருகருகே உள்ள இரு கோடுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நனோமீற்றர் அகலத்தை மட்டுமே புகவிடும்.

இவற்றோடு சேர வேண்டியது நிறமறியாக் கமரா. சாதாரணமாக நாம் கையாளும் வண்ணக் கமராவின் உணரியில், 1976 இல் பிறைஸ் பேயர் என்பவர் காப்புரிமை பெற்ற ஒழுங்கின்படி, படப்புள்ளிகளுள் அரைப்பங்கின்மேற் பச்சை வடியும், காற்பங்கின்மேற் சிவப்பும், காற்பங்கின்மேல் நீலமும் ஒட்டப்பட்டிருக்கும். ஐதரசனின் சிவப்பொளி விழும்போது நான்கில் ஒரு புள்ளியே தொழிற்படும்; மற்ற மூன்றும் ஏறக்குறைய வாளாவிருக்கும். மங்கிய ஒளியைத் துளி துளியாகச் சேர்ப்பவனுக்கு இது தாங்கக்கூடிய வீண்செலவு அன்று. கறுப்பு வெள்ளைக் கமராவிலோ எல்லாப் புள்ளிகளும் வேலை செய்யும். நிறத்தை அறியாத கமராவே நிறத்தை மிக நுட்பமாகப் பிரித்துத் தருகிறது.

இது புதிய வழியும் அன்று. 1861 ஆம் ஆண்டில் மக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் ஒரு வண்ணப் பட்டியை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகளின் ஊடாக மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுப்பித்து, அவற்றை அதே வடிகளின் ஊடாகத் திரையில் ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்து உலகின் முதல் வண்ணப் படத்தைக் காட்டினார். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத் தகடுகள் சிவப்பொளியை உணரா. பட்டியின் சிவப்புத் துணி கண்ணுக்குத் தோன்றாத ஊதா கடந்த கதிர்களையும் தெறித்தது. அவை சிவப்பு வடியைக் கடந்து தகட்டிற் பதிந்தன. இதனை நூறாண்டுகளுக்குப் பின்னரே ஆராய்ந்து கண்டனர். வண்ணப் படத்தின் வரலாறு தொடக்கத்திலேயே நம் கண்ணின் சாட்சியத்திலிருந்து விலகித்தான் நடந்திருக்கிறது.

பனியும் பனையும்

கனடாவிலிருக்கும் என் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது 80 மில்லிமீற்றர் பொருள்வில்லையுடைய தொலைகாட்டி ஒன்றையும் கமராவையும் கொண்டுவந்து தந்தார். "மாமா, இந்த வயசில பனிக்குள்ள நிக்கப் போறியளோ?" என்று கேட்டுக்கொண்டே தந்தார். 2025 தையிலும் மாசியிலும் எங்கள் வீட்டு மொட்டைமாடியே எனக்கு அவதான நிலையமாயிற்று.

முதல் இடர் துருவ விண்மீன். பூமி சுழல்வதால் வானம் மேற்கே நகரும். அதற்கு ஈடாகத் தொலைகாட்டியைத் திருப்பும் தாங்கியின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நேராக நோக்க வேண்டும். மேனாட்டு நூல்கள் துருவ விண்மீனைப் பார்த்து அச்சைப் பொருத்துக என்று ஒரு வரியில் முடித்துவிடும். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 10 பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. ஆதலால் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழப் பத்துப் பாகையளவே உயர்கிறது. எங்கள் வடக்கு வேலியிலோ பனைகள். அவற்றின் ஓலைகளுக்குப் பின்னால் அந்த விண்மீன் இருக்கிறதென்று நம்பத்தான் முடியும், காண முடியாது. ஆகவே வேறொரு விண்மீனைக் குறுக்குக் கம்பியில் நிறுத்தி, அது வடக்கே விலகுகிறதா தெற்கே விலகுகிறதா என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தும் பழைய முறையைக் கையாண்டேன். மூன்று இரவுகள் அதற்கே போயின.

அடுத்த இடர் பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம்மவர் முதுமொழி. வில்லையின் மேற் பனி படர்ந்தால் அந்த இரவு வீண். வில்லையைச் சுற்றி இளஞ்சூடு தரும் பட்டி ஒன்றைக் கட்டினேன். என்னைச் சுற்றி மனைவியின் கம்பளியைக் கட்டிக்கொண்டேன். கமராவின் உணரியை மட்டும் உறைநிலைக்குக் கீழே 10 பாகைக்குக் குளிரச் செய்ய வேண்டும். உணரி சூடாயிருப்பின் ஒளி வாராமலே ஒளி வந்ததாகப் பொய்க் கணக்குக் காட்டும்.

தெருவிளக்கை நினைத்து நான் அஞ்சியதில் பாதி வீணாயிற்று. பழைய சோடிய விளக்கின் மஞ்சள் 589 நனோமீற்றரில் உள்ளது; மூன்று வடிகளும் அதனை அறவே மறுத்துவிடும். இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கின் வெண்மை எல்லா அலைநீளங்களிலும் பரந்தது. எனினும் 300 நனோமீற்றர் அகலமான கட்புல ஒளியில் 5 நனோமீற்றரை மட்டுமே வடி புகவிடுவதால், தோராயமாக அறுபதில் ஒரு பங்கே உள்ளே வரும். நெபுலாவின் ஒளியோ அந்தச் சிறு வாயிலினூடாக முழுமையாக வந்துவிடும். நகரத்து வானத்திலும் நெபுலாவைப் படமெடுக்க முடிவது இதனாலேயே.

ஒவ்வொரு படமும் 5 நிமிடம். ஐதரசனுக்கு 40 படங்கள், ஒட்சிசனுக்கு 60, கந்தகத்துக்கு 60. மொத்தம் 13 மணி 20 நிமிட ஒளி. ஒரே காட்சியை ஏன் அறுபது முறை எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒவ்வொரு படத்திலும் நெபுலாவின் ஒளியோடு தற்செயலான இரைச்சலும் கலந்திருக்கும். நெபுலா எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும். இரைச்சல் படத்துக்குப் படம் இடம் மாறும். பல படங்களைச் சேர்த்துச் சராசரி காணும்போது நிலையானது நிற்க, நிலையற்றது தேயும். ஆனால் அது மெல்லத்தான் தேயும்: இரைச்சல் பாதியாக நான்கு படங்கள் வேண்டும், காற்பங்காகப் பதினாறு வேண்டும். பொறுமைக்கு வானம் தரும் கூலி வர்க்கமூலக் கணக்கிலேயே கிடைக்கிறது.

மூன்று சாட்சிகள்

கணினித் திரையில் மூன்று சாம்பற் படங்களையும் அருகருகே வைத்தபோது நான் நெடுநேரம் எழவில்லை. ஒரே நெபுலாவின் படங்களாயினும் மூன்றும் மூன்று விதம்.

ஐதரசன் படத்திலே முழு மலரும் இருந்தது. நம் முழுநிலவின் அகலத்தைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட அகலம். இதழ்களுக்கிடையே கருந்தூசுப் பிளவுகள். நடுவிலுள்ள இளம் விண்மீன்கள் வீசும் ஊதா கடந்த கதிர்கள் ஐதரசன் அணுவிலிருந்து இலத்திரனைப் பிரித்துவிடுகின்றன. பிரிந்த இலத்திரன் வேறோர் அணுக்கருவைச் சேர்ந்து படிப்படியாக இறங்கும்போது, மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு விழுகையில் இச்சிவப்பொளி பிறக்கிறது.

ஒட்சிசன் படத்திலே இதழ்கள் மங்கிப்போயின. நடுவிலே மென்மையான ஒரு வட்டம் மட்டும் இருந்தது. ஒட்சிசனிடமிருந்து இரண்டாவது இலத்திரனைப் பறிப்பதற்கு ஐதரசனின் இலத்திரனைப் பறிப்பதைவிட இரண்டரை மடங்குக்கு மேலான சக்தி வேண்டும். அச்சக்தி விண்மீன்களின் அருகேயே கிடைக்கிறது. கந்தகமோ சிறு சக்திக்கே இலத்திரனை விட்டுக்கொடுப்பது. ஆதலால் அதன் படம் விளிம்புகளிலும், கருந்தூசின் ஓரங்களிலும் மெல்லிய கரையிட்டதுபோலத் தோன்றிற்று. மலரின் நடுவிலே கொடுங்கதிர், விளிம்பிலே தணிந்த கதிர் என்பதை மூன்று படங்களும் மூன்று சாட்சிகளைப்போல, ஒன்றையொன்று பார்த்து எழுதாமல், தனித்தனியே கூறின.

அந்த ஆறு வெள்ளிகளும் மூன்று படங்களிலும் நடுவே நின்றன. அவற்றுட் பெரும்பாலானவை உறுப்பாயுள்ள விண்மீன் கூட்டத்தின் கதிர்வீச்சே முழு மலரையும் ஒளிரச் செய்வது. மாணவி பூவைக் காணவில்லை. ஆனால் பூவை மலர்த்திய விளக்குகளைக் கண்டிருந்தாள். அன்று அதனை அவளுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே என்று வருந்தினேன்.

வண்ணம் கொடுக்கும் வழி

இனி வண்ணம். இயற்கையான நிறத்தையே கொடுப்பதாயின் ஐதரசனுக்கும் சிவப்பு, கந்தகத்துக்கும் சிவப்பு. 656 இற்கும் 672 இற்கும் உள்ள வேற்றுமையைக் கண் பெரிதாக உணராது. இரு சாட்சிகளின் வாக்குமூலமும் ஒன்றாய்க் கலந்து, யார் எதைச் சொன்னார் என்பது மறைந்துவிடும். 1995 ஏப்ரலில் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி கொண்டு கழுகு நெபுலாவின் தூண்களைப் படமெடுத்த ஜெவ் ஹெஸ்ரரும் போல் ஸ்கோவனும் வேறு வழி கொண்டனர். நீண்ட அலையான கந்தகத்துக்குச் சிவப்பு, இடைப்பட்ட ஐதரசனுக்குப் பச்சை, குறுகிய அலையான ஒட்சிசனுக்கு நீலம். அவ்வாண்டு நவம்பரில் வெளியான அப்படம் உலகெங்கும் பரவிற்று; அன்றுதொட்டு இந்த ஒழுங்கு ஹபிளின் பெயராலேயே வழங்குகிறது.

இங்கே அலைநீளங்களின் வரிசை மாறவில்லை; இடைவெளிகள் மட்டும் விரிக்கப்பட்டன. பாடகரின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றினாலும் இராகம் மாறுவதில்லை அன்றோ? தேசப்படத்தில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒவ்வொரு நிறம் தீட்டுகிறோம். நிலம் அந்நிறத்தில் இல்லை என்பதால் எவரும் தேசப்படத்தைப் பொய் என்பதில்லை. நிறம் எதைக் குறிக்கிறது என்று மூலையில் எழுதியிருப்பதே அதற்குக் காரணம். நான் வகுப்பறையில் மாட்டிய படத்தின் கீழ் அவ்வாறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

இவ்வளவு தெளிந்த பின்னரும் நான் தவறினேன் என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. மூன்றையும் சேர்த்து ஆக்கிய என் படம், சுவரில் மாட்டிய பெரிய படத்தின் முன் மங்கலாயிருந்தது. நடுவிலுள்ள நீலம் கசங்கிய துணிபோலத் தெரிந்தது. இரைச்சலைக் குறைத்துக் கூர்மை தரும் கணினி முறைகள் இப்போது பல உள்ளன. ஏராளமான படங்களைப் பார்த்துப் பயின்றவை அவை. அவற்றுள் ஒன்றினிடம் என் படத்தைக் கொடுத்து, வேண்டியதற்கு மேலாகக் கூர்மை கேட்டேன். சில நிமிடங்களிற் படம் உயிர்பெற்றுவிட்டது. நீலத்தின் ஊடாக நுண்ணிய இழைகள் ஓடின. என் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்றே அவற்றை எண்ணினேன். பெரிதாக அச்சிட்டு, அதன் கீழே மூன்று சாம்பற் படங்களையும் வைத்து, அதே பாடசாலையின் கண்காட்சிக்குக் கொடுத்தேன்.

மாணவி வந்தாள். ஓராண்டு வளர்ந்திருந்தாள். வண்ணப் படத்தை ஒருமுறை பார்த்தாள். பின்னர் குனிந்து சாம்பற் படங்களை ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்தாள். நீலத்தின் ஊடே ஓடிய ஓர் இழையின் மேல் விரலை வைத்தாள்.

"சேர், இந்த இழை கீழ மூண்டு படத்திலயும் இல்லையே. இது எங்கயிருந்து வந்தது?"

வீட்டுக்கு வந்து சேர்க்கப்படாத அறுபது ஒட்சிசன் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். முதல் முப்பதைத் தனியாகவும் பின் முப்பதைத் தனியாகவும் சேர்த்து ஒப்பிட்டேன். வானத்தில் உள்ளதாயின் இரண்டிலும் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லை. இரைச்சலின் ஒழுங்கற்ற புள்ளிகளுக்குள், தான் முன்பு பார்த்த எத்தனையோ நெபுலாக்களின் சாயலைக் கண்டு, அம்முறை ஓர் இழையை நெய்து கொடுத்திருந்தது. கேட்டவன் நான்; கொடுத்ததைச் சோதியாமல் வாங்கியவனும் நான். கருவியைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை.

மறுநாட் காலை கண்காட்சி திறக்குமுன் படத்தைக் கழற்றினேன்.

உள்ளதும் உரைப்பதும்

யதார்த்தம் என்றால் என்ன என்று நம் எழுத்தாளர்கள் பல ஆண்டுகள் வாதிட்டிருக்கின்றனர். உள்ளதை உள்ளபடி காட்டுவதா, உள்ளதன் உள்ளியல்பைக் காட்டுவதா என்ற அவ்வாதத்தில் நான் ஒருபோதும் கலந்துகொண்டவன் அல்லன். எனினும், இந்த மூன்று சாம்பற் படங்கள் எனக்கு ஒரு வேறுபாட்டைக் கற்பித்தன. பொன்னிறமும் நீலமும் நான் தேர்ந்த மொழி. வேறொருவர் வேறு மொழியில் அதே செய்தியைச் சொல்லலாம், செய்தி கெடாது. அந்த இழையோ நான் தேர்ந்த மொழி அன்று. சாட்சி சொல்லாத ஒன்றைச் சாட்சியின் வாயில் இட்டது. முன்னையது மொழிபெயர்ப்பு, பின்னையது இடைச்செருகல். பழைய ஏடுகளைப் பதிப்பித்த நம் பெரியோர் பாடபேதங்களை ஒப்புநோக்கி இடைச்செருகலைக் களைந்தமை நாம் அறிந்ததே. வானத்து ஏட்டைப் பதிப்பிப்பவனுக்கும் அந்தக் கடமை உண்டு.

கூர்மை சேர்க்காமற் படத்தை மீண்டும் ஆக்கினேன். நடுவிலுள்ள நீலம் கசங்கியே இருக்கிறது. அதன் கீழே இவ்வாறு எழுதினேன்: "இப்படத்திலுள்ள நிறங்கள் கண்ணுக்குத் தோன்றுவன அல்ல. கந்தகத்தின் ஒளி சிவப்பாகவும், ஐதரசனின் ஒளி பச்சையாகவும், ஒட்சிசனின் ஒளி நீலமாகவும் காட்டப்பட்டுள்ளன. இவை கலந்த இடங்களிற் பொன்னிறம் தோன்றும். மூலப் படங்கள் மூன்றும் கீழே உள்ளன, ஒப்பிட்டுப் பார்க்கவும்."

ஆசிரியத் தொழிலில் உள்ள அன்பர்களிடம் ஒன்றை வேண்டிக்கொள்கிறேன். விண்வெளிப் படங்கள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. வகுப்பறைச் சுவர்களில் தாராளமாக மாட்டுங்கள். ஆனால், நிறம் எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி எழுதாமல் மாட்டாதீர்கள். இயலுமாயின் அதன் சாம்பற் படங்களையும் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் அவற்றைப் பார்க்கமாட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

கண்காட்சியின் கடைசி நாளன்று அவள் மீண்டும் வந்து புதிய படத்தின் முன் நின்றாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"முந்தினதுதான் வடிவு சேர்," என்றாள். பிறகு கீழேயுள்ள மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆனா இதுதான் அங்க இருக்கு," என்றாள்.